சுசு என்றால் இடது பக்கம்

போன மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது லாவண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் இப்போது பெண்கள் ஹாக்கிக் குழுவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். என் மூட்டு வலியை விசாரித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"கோச், ஒரு கோல்கீப்பர் ரெடியாக எவ்ளோ காலம் ஆகும்? ஆபிஸ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க லா. ஒரே சீசன்ல ஆகலன்னா வெளியிலேருந்து ரெடியா ஒருத்திய கொண்டு வாங்கன்றாங்க. பிள்ளைங்களும் முன்ன மாதிரி இல்ல. கொஞ்ச நாள் பெஞ்சில உட்கார வச்சாலே அடுத்த காலேஜுக்கு மாறிடுறாங்க."

"எந்தப் பிள்ள?" என்றேன்.

"புதுசா வந்திருக்கா. நல்ல கை. ஆனா இன்னும் என்னமோ ஒண்ணு வரல கோச். அது எப்ப வரும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கும் போனில் சொல்லத் தெரியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கோல்கீப்பர்களைப் பற்றி என்று தொடங்கி, தர்ஷினியைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் ஹாக்கிக் குழு அமைத்தபோது, கால் காப்புகள் சரியாகப் பொருந்தியது எனக்கு மட்டும்தான். அந்த ஒரே தகுதியில் கோல்கீப்பர் ஆனேன். மாநிலத்துக்கு ஆடினேன். ஆடி முடித்த பிறகு கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. தலைமைப் பயிற்றுநர் ஜமால் சார். அவருக்குக் கீழே கோல்கீப்பர்களை மட்டும் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான்.

ஜமால் சாரின் குடும்பத்துக்கு மலாக்கா டவுனில் துணிக்கடை. காலையில் கடை, சாயங்காலம் திடல். கடையிலிருந்து நேரே வரும் நாட்களில் சட்டைப் பையில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருக்கும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோல் விழுந்துவிட்டால் மற்ற பயிற்றுநர்கள் கையைத் தலையில் வைப்பார்கள், பாட்டிலை உதைப்பார்கள். இவர் இடைவேளைவரை பேசாமல் இருப்பார். பிறகு கோல்கீப்பர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீ என்ன பார்த்த?" என்று மட்டும் கேட்பார். ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டார். பந்து வருவதற்கு முன்னால் அவள் கண்ணில் என்ன பட்டது என்பதுதான் அவருக்கு வேண்டும். பதில் வர நேரமானால் காத்திருப்பார். சில பிள்ளைகள் அழுதுவிட்டுச் சொல்வார்கள். அதற்கும் காத்திருப்பார்.

அவரிடம்தான் நான் என் வேலையைக் கற்றுக்கொண்டேன். ஹாக்கி கோல்கீப்பருக்கு முதலில் வருவது கால். பந்தை உதைத்து வெளியே தள்ளுவது, கோணத்தை அடைத்துக்கொண்டு முன்னால் வருவது, விழுந்து எழுவது. உடம்பு நன்றாக இருந்தால் இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும். அடுத்தது கண். எதிராளி மட்டையைத் தூக்கும் விதத்திலிருந்து பந்து எங்கே போகும் என்று தெரிந்துகொள்வது. அது நிறைய ஆட்டம் பார்த்தால் வரும். கடைசியாக வருவது குரல். பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. திடலில் எல்லாரையும் முன்பக்கமாகப் பார்க்கக்கூடியவள் கோல்கீப்பர் ஒருத்திதான். மற்றவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே அவள் தன் கண்ணில் படுவதை உடனே கத்திச் சொல்லவேண்டும். பெனால்டி கார்னர் நேரத்தில் அது இன்னும் அவசியம். கோல்கீப்பரும் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். எதிரணி பந்தை உள்ளே தள்ளியதும் நால்வரும் பாய்வார்கள். அடிக்கப் போகிறவள் அடிக்காமல் பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிட்டால், அது இடமா வலமா என்று பின்னாலிருந்து குரல் வரவேண்டும். குரல் ஒரு மூச்சு தாமதித்தாலும் பந்து வலையில் கிடக்கும்.

எங்கள் குழுவில் மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று மலாயில்தான் கத்துவோம். இடது என்றால் கிரி. வலது என்றால் கானான். வெளியே பாய் என்றால் கெலுவார்.

தர்ஷினி சுங்கை ஊடாங் ஊர்ப் பெண். அப்பா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் சிஃப்ட் வேலை. தேர்வு நாளன்று அம்மாவோடு வந்தாள். ஒல்லியான உடம்பு, நீளமான கை. நான் அருகிலிருந்து பந்துகளை அடித்துத் தள்ள, ஒன்றையும் விடவில்லை. கண் இமைப்பதற்குள் கால் அங்கே இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட வேகத்தை நான் பார்த்ததில்லை. ஜமால் சார் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே கிட்டே வந்து, ஒரு பந்தைக் காட்டி, "அதுல நீ என்ன பார்த்த?" என்று கேட்டார்.

பதிலை அவள் அம்மா சொன்னார். "அவ நல்லா பார்த்துத்தான் சார் புடிச்சா."

"பொண்ணு பார்த்தத பொண்ணே சொல்லட்டுமே மா," என்றார் ஜமால் சார் மெதுவாக.

தர்ஷினி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, கண் ஒரு பக்கம் போய்விட்டது. அம்மா தரையைப் பார்த்தார். ஜமால் சார் காத்திருந்தார். கடைசியில், "அ… அந்தக்கா தோள திருப்புனாங்க," என்றாள். அடித்தது நான்தான். தோளைத் திருப்பினது எனக்கே தெரியாது.

குழுவின் முதல் கோல்கீப்பர் நூருல். கடைசி வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த மலாய்ப் பெண். குரல் என்றால் அவள் குரல்தான். அடுத்த திடலில் ஓடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். தர்ஷினி அவளுக்குப் பின்னால் இரண்டு சீசன் இருக்கட்டும், பேச்சு நிதானமாக வரட்டும் என்று ஜமால் சாரும் நானும் பேசி வைத்திருந்தோம். ஆனால் அரையிறுதிக்கு முன் பயிற்சியில் நூருலின் முட்டி திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு அந்த சீசன் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். எங்களிடம் வேறு கோல்கீப்பர் இல்லை.

அரையிறுதியில் தர்ஷினி முதல் பாதியில் ஆடியதைப் பார்த்துவிட்டு எதிரணிப் பயிற்றுநரே என்னிடம் வந்து எங்கே பிடித்தீர்கள் இந்தப் பெண்ணை என்று கேட்டார். மூன்றாம் கால் பகுதியில் ஒரு பெனால்டி கார்னர். பந்து உள்ளே வந்தது. அடிக்க வேண்டியவள் மட்டையைத் தூக்கிவிட்டு அடிக்காமல் எங்கள் இடது பக்கம் தள்ளிவிட்டாள். தர்ஷினி அதை எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிட்டாள். அவள் தோள் அந்தப் பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். "க்…" என்று ஒரு சத்தம் வந்தது. "க்… க்…" இடது பக்கம் ஓடிய மெய் லிங், ஏதோ சொல்ல வருகிறாள் என்று பாதி ஓட்டத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பிறகு தர்ஷினி வாயே திறக்கவில்லை. மேலும் இரண்டு கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் குளித்து உடை மாற்றி வந்தபிறகும் அவள் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கம்பிகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. மெய் லிங் அவள் முன்னால் குந்தி, கால் காப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள்.

நான்தான் அவளை என் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தங்கா பத்து கடலோரச் சாலை முழுவதும் தலைக்கவசம் அவள் மடியில் இருந்தது. வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவளை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்:

"போதும் மேடம். கடையில ஒரு ரொட்டி வாங்குறதுன்னாகூட அவளுக்குப் பதிலா நான்தான் பேசுவேன். ஸ்கூல்ல பிள்ளைங்க சிரிக்கிறாங்கன்னுதான் விளையாட்டுல சேர்த்துவிட்டேன். விளையாட்டுல பேச வேணாம் இல்லையா. அதுலயும் கோல்கீப்பர்னா சும்மா நின்னு பந்த புடிக்கிறதுதானேன்னு நெனச்சேன். இதுலயும் பேச்சுதான்னா, எம்புள்ளைய விட்டுருங்க."

சார் வந்து பேசுவார் என்று மட்டும் சொன்னேன்.

ஜமால் சார் போனார். என்ன பேசினார் என்று முழுவதும் எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல பிலோ. பொண்ணுகிட்டதான் கேட்டேன், வர்றியான்னு. வர்றேன்னு தலையாட்டுச்சு. அப்புறம் அதையே வாயால சொல்லுச்சு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிடுச்சு, பரவால்ல."

கல்லூரி அலுவலகத்தில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு கல்லூரியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு கோல்கீப்பர் இங்கே வரத் தயாராக இருந்தாள். விளையாட்டுப் பிரிவுத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு அவர் பதில் சொல்லவேண்டும்.

"இந்தப் பெண் சரியாவதற்கு எத்தனை மாதம் வேண்டும்?" என்று கேட்டார்.

"தெரியாது சார்," என்றார் ஜமால் சார்.

"ஒரு கணக்கு இருக்குமே?"

"காலுக்கும் கண்ணுக்கும் இருக்கு. குரலுக்கு எனக்குத் தெரிஞ்சு இல்ல. நூருல் முட்டி சரியாகி அடுத்த சீசன் நிப்பா. அந்த சீசனும் இது அவளுக்குப் பின்னால நிக்கட்டும். வெளியாள் வேணாம் சார்."

தெரியாது என்று ஒருவர் இவ்வளவு அமைதியாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? சரி, ஒரு சீசன் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்.

வழி காட்டியது ஜமால் சாரும் இல்லை, நானும் இல்லை. நூருல்தான். கட்டுப் போட்ட காலோடு தினமும் பயிற்சிக்கு வந்து, கோலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். தன் இடத்துக்கு வரப்போகிறவளை அவள் எப்படிப் பார்ப்பாளோ என்று எனக்கு உள்ளுக்குள் கவலை இருந்தது. ஒரு வாரம் அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் தர்ஷினியைக் கூப்பிட்டு மலாயில் கேட்டாள்: "கிரி, கானான், கெலுவார். மூன்றும் ஒரே எழுத்தில்தானே தொடங்குகிறது. உனக்குக் கஷ்டம் அந்த எழுத்துதானா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆயிரம் தடவை அந்தச் சொற்களைக் கத்தியிருக்கிறேன். மூன்றுக்கும் முதல் ஒலி ஒன்றுதான் என்பது அதுவரை என் காதில் விழுந்ததில்லை.

தர்ஷினி தலையாட்டினாள்.

"எந்த எழுத்து சுலபம்?"

"ம… ம-வும் ச-வும்."

"அப்படியானால் இடது சுசு. வலது மீ. வெளியே பாய்வதற்கு என்ன வேண்டும்?"

தர்ஷினி யோசித்து, "வா," என்றாள், தமிழிலேயே.

சுசு என்றால் மலாயில் பால். மீ என்றால் மஞ்சள் நூடுல்ஸ், நாம் பொரித்துச் சாப்பிடுவது. முதல் நாள் பயிற்சியில் தர்ஷினி "சுசு!" என்று கத்தியதும் தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் ஓடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தர்ஷினியும் சிரித்தாள். நூருல் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்தே, "மறுபடியும்," என்றாள். பொழுது சாயும்வரை மறுபடியும், மறுபடியும். மெய் லிங் மண்டையில் சுசுவும் மீயும் முதலில் ஏறவில்லை. வேகமாக ஓடும்போது மாற்றிக்கொள்வாள். ஹாஸ்டல் உணவகத்தில் பால் டப்பாவை எப்போதும் தட்டுக்கு இடது பக்கம் வைத்துக்கொண்டு பழகினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு நிபுணரிடமும் நான் தர்ஷினியைக் கூட்டிப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திடலில் வேண்டுமானால் சொல்லை மாற்றிக்கொள்ளலாம், அவசரத்துக்கு அது உதவும் என்றார். ஆனால் திடலுக்கு வெளியே எந்தச் சொல்லையும் கண்டு அவள் ஒதுங்கக்கூடாது, திக்கினால் திக்கட்டும் என்றார். இதை ஜமால் சாரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து வருகைப் பட்டியல் வாசிக்கும் வேலையைத் தர்ஷினிக்குக் கொடுத்தார். கமிலா, கஸ்தூரி, கார்மென் என்று எங்கள் குழுவில் அந்த எழுத்துக்காரர்கள் நிறைய. ஒவ்வொரு சாயங்காலமும் பயிற்சி தாமதமாகத்தான் தொடங்கும். தன் பெயர் வருகிறது என்று தெரிந்தும் கஸ்தூரி முந்திக்கொண்டு கையைத் தூக்கமாட்டாள். பெயர் முழுசாக வந்த பிறகுதான், "இருக்கேன்!" என்பாள்.

அடுத்த சீசன் நூருல் திரும்பி வந்தாள். தர்ஷினி பெஞ்சில். அந்த வருடம் இன்னொரு கல்லூரியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வந்தால் முதல் ஆட்டத்திலிருந்தே நீதான் என்றார்கள். என்னிடம் வந்து போனைக் காட்டினாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "போகணும்னா போ மா. அடுத்த வருஷம் நீதான்னு நான் இப்ப வாக்குக் குடுக்க முடியாது," என்றேன்.

சில நாள் கழித்து வந்தாள்.

"போகல கோச்."

"ஏன் மா?"

"அங்க போனா எ… எல்லாருக்கும் முதல்லேருந்து சொல்லிக் குடுக்கணும். இங்க இவங்களுக்குத் தெ… தெரிஞ்சிருச்சு."

லாவண்யா, நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அந்தப் பெண்ணுக்கு மட்டும் காலம் தேவைப்படவில்லை. அவள் முன்னால் நின்ற நால்வருக்கும் தேவைப்பட்டது. அவள் குரலைக் கேட்கப் பழக மெய் லிங்குக்கு எவ்வளவு காலம் ஆனதோ, ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் தர்ஷினிக்கும் ஆனது. உன் அலுவலகத்தில் இதை எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. தயாராக இருக்கும் ஒருத்தியை வெளியிலிருந்து கொண்டுவரலாம். அவளைக் கேட்கும் காதுகள் கூடவே வராது.

நூருல் படிப்பை முடித்துக்கொண்டு போனாள். மூன்றாம் வருடம் தர்ஷினி முதல் கோல்கீப்பர் ஆனாள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. தொடக்கத்தில் சில ஆட்டங்களில் தோற்றோம். அலுவலகத்தில் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். சில நாட்களில் ச எழுத்துகூட மாட்டிக்கொள்ளும். அப்போது மட்டையால் அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தைத் தட்டுவாள். மெய் லிங் புரிந்துகொண்டு ஓடுவாள். அவளுடைய கடைசி வருடம் இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

அதுவரை தர்ஷினியின் அம்மா ஓர் ஆட்டம்கூடப் பார்க்க வந்ததில்லை. மகள் மறுபடியும் எல்லார் முன்னாலும் திணறுவதைப் பார்க்கத் தெம்பில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு வந்தார், அடுக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு. ஹாக்கி விதிகள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து, பை வாரை விரலில் சுற்றிக்கொண்டேயிருந்தார்.

இரண்டாம் கால் பகுதியில் எதிரணிக்கு பெனால்டி கார்னர். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள், எல்லாரும் முகமூடியோடு. பந்து உள்ளே வந்தது. "வா! சுசு! சுசு!" என்று ஒரு குரல் திடலின் அந்தக் கோடியிலிருந்து வந்து எங்கள் இருக்கையில் மோதியது. மெய் லிங் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேரே இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டி வெளியே தள்ளினாள்.

"யாரு மேடம் அது, அப்படிக் கத்துற பிள்ள?" என்றார் அம்மா.

"உங்க பிள்ளதான் மா. தர்ஷினி."

"இல்ல மேடம்," என்று தலையை ஆட்டினார். நான் தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அந்தக் குரல். "மீ! மீ!" அவர் எழுந்து நின்றுவிட்டார். அதன் பிறகு பந்து எங்கே போகிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆட்டம் எந்தப் பக்கம் நடந்தாலும் கோல் பக்கமே காதைக் கொடுத்து நின்றார்.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். கடைசி நிமிடங்களில் எங்கள் பிள்ளை ஒருத்தியின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போன பந்து. யாராலும் தடுத்திருக்க முடியாது. ஜமால் சார் எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு போனார். மெய் லிங் அழுதாள்.

நாங்கள் திடலுக்குள் இறங்கியபோது எதிரணி கோல்கீப்பர், ஜொகூரிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண், தர்ஷினியிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆட்டம் முழுவதும் கேட்கவேண்டும் என்று இருந்தேன், ஏன் பால் பால் என்று கத்தினாய்?" என்றாள்.

அம்மாவின் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. பதில் சொல்ல வாய் திறந்தது. பிறகு அவரே நின்றுகொண்டார்.

தர்ஷினி தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. "கி… கி… கிரி என்று சொல்ல எனக்கு நேரமாகும்," என்று மலாயில் தொடங்கினாள். எனக்குத் திக்குவாய் என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நூருலைப் பற்றிச் சொன்னாள், மெய் லிங்கின் பால் டப்பாவைச் சொன்னாள். நடுவில் சொற்கள் நின்றன. அந்தப் பெண் தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டபடி நின்றாள். பிறகு அவளும் தன் கதை ஏதோ சொல்ல, இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. தர்ஷினி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிட்டாள்.

அம்மா அடுக்குச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு முன் திடலுக்குத் தெளித்த தண்ணீரின் ஈரம் இன்னும் காயாத பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தார்.

"ரொம்ப நேரமா பேசுறா, இல்ல மேடம்?" என்றார்.

"ஆமாம் மா."

"பேசி முடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, எனக்கும் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.